நான் சேர்த்த அடிக்குறிப்பு

1

படிவத்தில் ஒரு பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். மகளின் பெயர், பிறந்த தேதி, குடிமக்கள் எண், எந்தத் தேதியிலிருந்து இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்பது வரை எல்லாம் எழுதியாயிற்று. நெதர்லாந்தில் ஒருவர் எட்டு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கப்போகிறார் என்றால் நகராட்சிப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். நம்மூரில் ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது மாதிரி. காலியாக இருக்கும் பெட்டியின் மேல் இப்படி அச்சிட்டிருக்கிறது: வெளிநாட்டில் தங்கும் முகவரி, முழுமையாக.

மூன்று நாளாகப் படிவம் மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு கடிதம். நான் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் அறக்கட்டளை அனுப்பியது. அரசு வெளிநாட்டு உதவியைக் குறைத்துவிட்டதால் ஜனநாயகம், மனித உரிமை ஆகியவற்றுக்கான பிரிவு இந்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறது என்று மூன்று பத்தியில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முகவரி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் விரல் நின்றுவிடுகிறது. போன வருடம் இதே மாதத்தில், அந்த ஊருக்கு வழிகாட்டுவது போல நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் ஒரு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வீட்டுக்குள் என் மகள் இருந்தாள்.

அதைத்தான் எழுதப்போகிறேன். ஊர் பெயர் சொல்ல மாட்டேன். காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோ போகும் தூரம், அவ்வளவுதான். ஓரிக்கைப் பக்கமா, ஐயம்பேட்டைப் பக்கமா, திருப்பருத்திக்குன்றம் தாண்டியா என்று கேட்காதீர்கள். அந்த ஊராட்சித் தலைவரை இங்கே கனகா என்கிறேன். அது அவர் பெயரல்ல. இந்தக் குறிப்பு முழுவதையும் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

2

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி, கணவரின் வேலையால் உட்ரெக்ட் நகரத்துக்கு வந்தேன். மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். அவள் ஓரளவு வளர்ந்த பிறகு எனக்கு இந்த அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. தமிழில் வரும் அறிக்கைகளைப் படித்து, மொழிபெயர்த்து, கேள்வி கேட்க வேண்டும்.

'ஜனநாயக அமைப்புகளைப் பலப்படுத்துதல்' என்று எங்கள் கோப்புகளின் மேல் ஒட்டியிருக்கும். முதல் வருடம் எனக்கே அது என்னவென்று பிடிபடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், ஓட்டு வாங்கி ஜெயித்த ஒரு பெண் தன் நாற்காலியில் உட்காருவதற்கு வேண்டிய ஏற்பாடு, அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலம்மா நடத்தும் சின்ன சட்ட உதவி அலுவலகத்துக்கு எங்கள் பணம் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பணம் பெற டில்லியிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கிய அலுவலகம். சுற்றுவட்டார ஊராட்சித் தலைவர்களான பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி, தீர்மானப் புத்தகத்தை எப்படிப் படிப்பது, கேட்காமல் எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். மதியம் தக்காளி சாதம். சாயந்திரம் அவரவர் ஊருக்கு ஆட்டோ.

அங்கே வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் கனகா. அவர் பேசியதை வக்கீலம்மா அப்படியே எழுதி, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு எங்களுக்கு அனுப்பினார்.

"ஜெயிச்சி வந்த நாள்ல இருந்து ஆபீஸ் சாவி துணைத் தலைவர்கிட்டதான் இருக்குது. கூட்டம்னா எனக்குக் கதவாண்ட ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலு போடுவாங்க. என் நாற்காலில அவரு துண்டு கெடக்கும். தீர்மானப் புத்தகத்த காலனிக்குக் குடுத்தனுப்பி, கையெழுத்துப் போடும்பாங்க. அன்னிக்கி நான் பாவு நீட்டற எடத்துல நின்னு சொன்னேன், இனிமே ஆபீசுக்கு வந்து, படிச்சிப் பாத்துதான் போடுவேன்னு. அதுக்கு அவரு என்னென்ன சொன்னாருன்னு என் போன்ல பதிஞ்சி வெச்சிக்கிறேன்."

பாவு நீட்டுகிற இடம் என்பதற்கு முன்னால் கனகா ஒரு சிறு அடையாளம் சொல்லியிருந்தார். வக்கீலம்மா அதை நீக்கவில்லை; இங்கே நான் நீக்கியிருக்கிறேன். வெளியாள் யாருக்கும் அது எந்த ஊர் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது. அது என் தாய்மாமன் ஊர். பள்ளி விடுமுறையெல்லாம் அங்கேதான் கழித்தேன். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், காபி மெஷின் சத்தத்துக்கு நடுவில் அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. இந்தக் கட்டடத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான் என்ற பெருமை.

கூட வேலை செய்யும் டச்சுக்காரப் பெண் மரைக்கா என் மொழிபெயர்ப்பின் ஓரத்தில் கேட்டிருந்தாள்: பாவு நீட்டுவது என்றால் என்ன? சேலையின் நீளவாட்டு நூலைத் தெருவில் விரித்துக் கட்டிக் கஞ்சி போடுவது என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். நான் நான்கு வரி எழுதினேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் அரக்கும் பச்சையுமாக நூல் மின்னுவது, கஞ்சி வாசனை, இரண்டு பக்கமும் ஆட்கள் பேசிக்கொண்டே நடந்து நூலைச் சீராக்குவது. அதோடு நிறுத்தவில்லை. அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, அது ஏன் வேறு எந்த ஊரிலும் இல்லை என்றும் எழுதினேன். சிறு வயதில் அங்கே நடந்தவள் என்று எனக்கு நானே சாட்சியும் சொல்லிக்கொண்டேன்.

மரைக்கா பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்து அனுப்பினாள். மிக அழகான அடிக்குறிப்பு என்றாள்.

3

யாழினி பன்னிரண்டு வயதில் தமிழில் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். கதவை மூடிக்கொள்வாள். கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். சட்டம் படிக்கப் போனாள். படிப்பில் ஆறு மாதம் வெளியே எங்காவது வேலை கற்க வேண்டும் என்று வந்தபோது, ஜெனீவாவுக்குப் போவாள் என்று நினைத்தேன். அவள் தேர்ந்தெடுத்தது காஞ்சிபுரத்து வக்கீலம்மா அலுவலகத்தை.

அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குடிநீர், நாய், லாரி, ஆண்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் வெளிநாட்டுக் குடிமகள் என்பதால் இந்தப் பயிற்சிக்கு இந்திய அரசின் தனி அனுமதி வேண்டும். நான்கு மாதம் ஆனது. ஒரே கடிதத்தை மூன்று விதமாக எழுதிக் கேட்டார்கள். அனுமதி வராமலே போகட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதை அவளிடம் சொன்னதில்லை.

முதல் மூன்று வாரம் என் தம்பி முரளி வீட்டில் இருந்தாள். முரளி டவுனில் மூன்று தறி வைத்திருக்கிறான். "யக்கா, உன் பொண்ணு காரம் தின்னுது, கொசுக்கடி தாங்குது. ஆனா தமிழ் பேசனா வெள்ளக்காரன் டிவியில பேசற மாதிரி இருக்குது" என்று சிரிப்பான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பின்னாலிருந்த சுவர் மாறியிருந்தது.

"எங்கடி இருக்கே?"

"கனகாக்கா வூட்ல. ஒரு வாரமா."

"மாமா வீட்டுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அங்க இருந்து டெய்லி ரெண்டு ஆட்டோ மாறணும். மாமா டெய்லி கல்யாணம் எப்போன்னு கேக்கறாரு. ஆபீஸ்ல கனகாக்கா பக்கத்துல நோட்டு வெச்சிக்கினு ஒருத்தர் உக்காந்தாலே துணைத் தலைவர் ஆளுங்க பேச்சு கொறையுதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அதான் உக்காந்துக்கினு இருக்கேன்."

என் மகள் 'உக்காந்துக்கினு' என்கிறாள். நான் எப்போதோ விட்டுவிட்ட பேச்சு. சந்தோஷப்படுவதற்குள் பயம் முந்திக்கொண்டது.

"அந்த வீட்ல தாழ்ப்பாள் நல்லா இருக்கா?"

"அம்மா, எந்த வூட்டப் பத்தி சொன்னாலும் நீ இதையேதான் கேப்பே."

பதில் சொல்லாமலே போனை கனகாவிடம் கொடுத்துவிட்டாள். அப்போதுதான் முதல் முறை அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். "நல்லா பாத்துக்கறோம்க்கா, பயப்படாதீங்க" என்றார். அறிக்கையில் பேசியவர் இவர்தான் என்று எனக்குத் தெரியும். அந்த அடிக்குறிப்பு எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

4

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அறக்கட்டளையின் இணையதளத்தில் கனகாவின் கதை வந்தது. பெயரில்லை, ஊரில்லை. ஆனால் என் நான்கு வரியை அடியிலிருந்து எடுத்து, கதையின் தொடக்கமாக வைத்திருந்தார்கள். அவ்வளவு அழகாக இருக்கிறதாம். 'மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி' என்றும் இருந்தது.

அதைப் படித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, "பாருங்க, நம்ம மாமா ஊர்" என்று எழுதினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முரளி கூப்பிட்டான். காஞ்சிபுரத்தில் அப்போது பன்னிரண்டரை. எப்போதும் ஒரு கிண்டலோடுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு இல்லை.

"யக்கா, நீ போட்டதுல அந்தப் போன்ல பதிஞ்சத பத்தியும் கீதாமே?"

"எதுல?"

"ஊரப் பத்தி எழுதிக்கிறயே, அதுலதான். நான் மொத பாரா மட்டுந்தான் போன்ல தமிழ்ல மாத்திப் பாத்தேன். நல்லா எழுதிக்கிறியேன்னு மாமா பையனுக்கு அனுப்பிச்சேன். அவன் டீக்கடையில காட்டிக்கிறான். அங்க எவனோ கடைசி வரைக்கும் மாத்திப் படிச்சிட்டான். துணைத் தலைவர் ஆளுங்க கெளம்பிட்டாங்கன்னு இப்போ மாமா பையன் போன் பண்ணி அழுவறான்."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அந்தத் திங்கட்கிழமை கனகா மனுவையும் பதிவையும் கொடுப்பதாக இருந்தது. அதுவரை பதிவு இருப்பது ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது.

யாழினியின் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. கனகாவின் போனும் அணைந்திருந்தது. வக்கீலம்மா எண்ணில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். என் கணவர் என்னிடமிருந்து போனை வாங்கி அவரும் அதே எண்களுக்கு அடித்தார். நான் அடித்தால் கிடைக்காதது அவர் அடித்தால் கிடைக்குமா என்ன? ஆனால் வாங்கி வாங்கி அடித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பக்கத்தை உடனே எடுக்க வேண்டும் என்று அறக்கட்டளையின் விடுமுறை நாள் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு இளைஞர் எடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் பேசிய டச்சு வாயில் வரவில்லை. "சார், கொஞ்சம் கேளுங்க சார்" என்று தமிழில் ஆரம்பித்து, பாதியில்தான் எனக்கே தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்தை நீக்க ஒரு படிவம் இருக்கிறது, இரண்டு வேலை நாள் ஆகும் என்றார். படிவத்தைத் திறந்தேன். நீக்கக் காரணம்: இணைப்பு வேலை செய்யவில்லை, எழுத்துப்பிழை, தனியுரிமை, மற்றவை. தனியுரிமையைத் தொட்டால் சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்று வந்தது. கனகாவின் கையெழுத்து. அவர் வீட்டைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டிருந்தபோது.

கடைசியில் மரைக்கா, மகனின் ஹாக்கி மைதானத்திலிருந்து யார் யாரையோ எழுப்பி, மதியம் ஒரு மணிக்குப் பக்கத்தை எடுக்க வைத்தாள். அதற்குள் அதன் படம் எத்தனை போனில் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை.

சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. தாழ்ப்பாளைப் பற்றி நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவே இல்லை.

5

அந்த வீட்டுக்குள் நடந்ததை யாழினி பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இன்னும் முழுதும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் கரண்ட் போனது. வீட்டுக்கு வரும் ஒயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள். காலையிலிருந்தே சார்ஜ் குறைவாக இருந்த போன்கள் எல்லாம் சிறிது நேரத்தில் செத்துவிட்டன. கனகா தன் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவர் கணவர் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"அந்த வெளிநாட்டுப் பொண்ண வெளிய வரச் சொல்லு. பேசத்தான் வந்துக்கிறோம்" என்று வெளியிலிருந்து குரல்.

"பேசறதுக்குப் பத்துப் பேரு எதுக்கு?" என்றார் கனகா. "திங்கக்கெழம ஆபீஸ்ல பேசலாம். எனக்கு நாற்காலி போட்டு வையிங்க."

"வெளிநாட்டுக் காசுக்கு ஊர விக்கறியா?"

"ரோடு போட்டதா கணக்கு எழுதி, போடாத ரோட்ட வித்தது யாருன்னு மொதல்ல பேசுவோம்."

அதற்கு மேல் பேச்சில்லை. கூரையில் கல் விழ ஆரம்பித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒவ்வொரு கல்லுக்கும் தூசி கொட்டியது. யாழினியைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னார்கள். போனாள். அங்கே படுத்துக்கொண்டு கற்களை எண்ணினாளாம். எண்ணுவதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கேட்கவில்லை.

முரளி சொல்லி வக்கீலம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போனார். பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், ஆள் வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும் மற்ற தலைவர்களுக்குப் போன் போட்டார். ஐந்து பேருக்குக் கிடைத்தது. ஐந்து பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறி வந்தார்கள். ஒருவர் கையில் பாதி வெட்டிய பீன்ஸ் பையோடு.

அவர்களில் மங்கை என்று ஒருவர், இதுவும் மாற்றிய பெயர், துணைத் தலைவரின் சாதியேதான். உறவுமுறையும் உண்டு. அவர் இறங்கியதும் சொன்னது யாழினிக்கு உள்ளே கேட்டது.

"இன்னா மாமா, இவ்ளோ பேரு வெயில்ல வரிசையா நிக்கறீங்க? பாவு நீட்றீங்களா?"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டானாம். கூட்டத்திலிருந்தே.

"நீ இதுல தலையிடாத மங்க" என்றார் துணைத் தலைவர்.

"நான் எங்க தலையிட்றேன்? ஒரு தலைவர பாக்க அஞ்சு தலைவருங்க வந்துக்கிறோம். நீங்க துணைத் தலைவருதான? வழி வுடுங்க, இல்லன்னா தண்ணி மொண்டாந்து குடுங்க."

ஐந்து பேரும் கதவை மறைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். மிச்ச பீன்ஸை அங்கேயே நறுக்கினார்கள். அதற்குப் பிறகு கல் விழவில்லை. முதலில் நான்கு பேர் போனார்கள், பிறகு மூன்று பேர். சாயந்திரம் போலீஸ் ஜீப் வந்தபோது வாசலில் பெண்களும் ஒரு நாயும்தான் இருந்தார்கள்.

எங்களுக்கு மதியம் இரண்டு மணி. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மங்கையின் போன்.

"அம்மா, நான்தான்."

போனை ஸ்பீக்கரில் போட்டு, கணவரைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தேன்.

"தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்குது" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

6

திங்கட்கிழமை கனகா மனுவைக் கொடுத்தார். அரிசித் தூள் ஒட்டிய போனையும் கொடுத்தார். விசாரணை வந்தது. ஆபீஸ் சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. நாற்காலியில் உட்காருகிறார். ஆனால் ஆட்டோ ஸ்டாண்டில் அவர் கணவரின் முறை இரண்டு மாதம் வரவே இல்லை. ஊராட்சி முத்திரை இன்னும் அவ்வப்போது காணாமல் போய், மூன்று நாள் கழித்து அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைக்கிறது. துணைத் தலைவர் தினமும் எதிரில் உள்ள கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் அறக்கட்டளையில் நடந்ததைச் சொன்னேன். கூட்டம் போட்டார்கள். 'உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்' என்று மரைக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. அறிக்கையில் 'கற்ற பாடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இரண்டு வரி எழுதினார்கள். 'பயன்கள்' என்ற கட்டத்தில் எத்தனை பயிற்சி, எத்தனை பேர் என்றுதான் இடம் இருந்தது. ஐந்து பெண்களிடம் ஒருவர் எண் மற்றவரிடம் இருந்ததையும், கூப்பிட்டதும் காய் நறுக்குவதை விட்டுவிட்டு ஆட்டோ ஏறினார்கள் என்பதையும் எங்கே எழுதுவது என்று கேட்டேன். 'மற்றவை'யில் எழுதச் சொன்னார்கள்.

கனகாவிடம் பேச எனக்கு ஒன்பது நாள் ஆனது. தினமும் எண்ணை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

"கனகா, அதை எழுதினது நான்தான்."

"தெரியும்க்கா. யாழு அன்னிக்கே சொல்லிச்சு. உங்க குடும்ப குரூப்புல பாத்துச்சாம். எங்கம்மாதான் எழுதனாங்கன்னு கட்டிலுக்கு அடியில இருந்தே சொல்லிச்சு."

"மன்னிச்சிடுங்க."

பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது.

"வக்கீலம்மா எனக்குப் படிச்சிக் காட்னாங்க. நல்லாத்தான்க்கா எழுதிக்கிறீங்க. கலரு, கஞ்சி வாசன எல்லாம். ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? பாவு நீட்டறப்போ நாங்க எந்த வழியா போவோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். விடுமுறைக்குப் போன சிறுமிக்குக்கூட அது தெரியும். தெருவில் பாவு கட்டியிருக்கும்போது நாங்கள் ஓரமாக ஒதுங்கி நடப்போம். காலனிக்காரர்கள் அந்தத் தெருவிலேயே கால் வைக்கக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றிப் போக வேண்டும். பள்ளிப் பையோடு பிள்ளைகள் கரைமேல் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் நூல் மின்னும். நான் நூலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கனகா அந்த இடத்தில் நின்று பேசினேன் என்று சொன்னது அதற்காகத்தான். அந்த வாக்கியத்துக்கு ஒரு அடிக்குறிப்பு வேண்டியிருந்தது உண்மைதான். எழுதியிருக்க வேண்டியது அதைத்தான். நான் கஞ்சி வாசனையை எழுதி, வழியையும் காட்டிவிட்டேன்.

"தெரியும் கனகா" என்றேன்.

"அதான் கேட்டேன்" என்றார். "சரி, யாழுக்கு மோர்க்கொழம்பு வெச்சிருக்கேன். அப்பறம் பேசட்டுமா?"

7

யாழினி ஆறு மாதம் முடிந்து ஒருமுறை வந்தாள். இரண்டு வாரம் இருந்துவிட்டு, படிப்புக்கான ஆய்வை அங்கிருந்தே எழுதப்போவதாகச் சொல்லிப் புது அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். மறுபடியும் அதே வீடு. அறக்கட்டளைப் பணம் இந்த மாதத்தோடு நின்றால் வக்கீலம்மா அலுவலகத்துக்கு வாடகை கிடையாது. மாதாந்திரக் கூட்டம் இனி மங்கை வீட்டு மாடியில் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். தக்காளி சாதம் ஆளுக்கு ஒரு முறை. எங்கள் கடிதத்தில் இருக்கும் 'பொறுப்பான விலகல்' என்ற சொல்லை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பணம் போய்க்கொண்டிருந்தபோதே கல் விழுந்தது. இனி என்ன ஆகும் என்ற நினைப்பு கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட வருகிறது. சைக்கிளில் போகும்போது எங்கேயாவது ஆலங்கட்டி மழை பெய்து தகரத்தில் சத்தம் கேட்டால் இறங்கி நின்றுவிடுகிறேன்.

திரும்பி வா என்று சொல்லிப் பார்த்தேன். "நான் வந்துட்டா பக்கத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. யாராவது உட்காரட்டும், நீ வேண்டாம் என்பதுதான் அது. வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததற்காக நல்ல பேர் வேண்டாம். இப்போதும் அதுதான் என் பதில்.

இன்று காலை படிவத்தை வைத்துக்கொண்டு கனகாவுக்குப் போன் போட்டேன். ஆபீசில் இருந்தார்.

"இங்க கவர்மென்ட் ஃபாரம் ஒண்ணு. யாழ் எங்க தங்கறான்னு முழு முகவரி கேக்கறாங்க. உங்க வீட்டு முகவரி. எழுதட்டுமா?"

"அத யாரு யாரு பாப்பாங்க?"

"நகராட்சியில பூட்டித்தான் வெப்பாங்க. ஆனா கண்டிப்பா யாரும் பாக்க மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

யோசித்தார். அங்கே யாரோ கையெழுத்துக் கேட்டார்கள். "இரு, படிச்சிட்டுப் போட்றேன்" என்று அவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம் வந்தார்.

"இந்தத் தடவ கேட்டீங்கல்ல. எழுதுங்க. ஊரு பேரு, தெரு பேரு எல்லாம் எழுதுங்க. நம்பரு வாணாம்க்கா, அத இங்க எந்தப் போஸ்ட்மேனும் பாக்கறதில்ல. ஊராட்சித் தலைவர் வீடுன்னு போடுங்க."

"அப்படியே போடட்டுமா?"

"அப்படியே போடுங்க. அந்த ஊர்க்காரங்களுக்குப் புரியலன்னா நீங்க கீழ சின்ன எழுத்துல எழுதி வெளக்குங்க. உங்களுக்கு அதான் நல்லா வருமே."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

"கனகா, அந்தத் தாழ்ப்பாள்..."

"மேலாண்ட இன்னொண்ணு போட்டுட்டோம்க்கா. போன வாரம் யாழுதான் திருகாணி முடுக்கிச்சி."

ஏன் போன வாரம் என்று நான் கேட்கவில்லை.

படிவத்தில் எழுதினேன். ஊர், தெரு, ஊராட்சித் தலைவர் வீடு. முகவரியை எழுத அந்த ஒரு பெட்டிக்குத்தான் அவரிடம் அனுமதி கேட்டேன், அதனால் ஊர் பெயர் இந்தக் குறிப்பில் இல்லை. உறையில் போட்டு ஒட்டியாயிற்று. தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது, இரண்டு நிமிட நடை. கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். கையில் உறையோடு, எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.